பில்களை ஆட்டோ டெபிட்டில் விடலாமா? நன்மை தீமைகளை அறிந்தவர்கள் கூறவும்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் மாதாந்திரக் கட்டணங்களை இத்தனை ஆண்டுகளாக நானே தேதி பார்த்து ஒவ்வொன்றாகச் செலுத்தி வருகிறேன். மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணைய இணைப்பு, மூன்று கைப்பேசிகள், வீட்டுக் கடன் தவணை, இரண்டு காப்பீட்டு பிரீமியங்கள், ஒரு கிரெடிட் கார்டு என எண்ணிப் பார்த்தால் பதினொன்று வருகின்றன. சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் கடைசித் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பதும், கட்டியவுடன் அதன் மேல் ஒரு கோடு கிழிப்பதும் என் வழக்கம்.

சென்ற ஆண்டு என் தாயாருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று வாரங்கள் மருத்துவமனையிலேயே தங்க நேர்ந்தது. காலண்டர் வீட்டில் இருந்தது, நான் அங்கே இருந்தேன். அந்த இடைவெளியில் எங்கள் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் தேதி கடந்துவிட்டது. சலுகைக் காலம் முடிய இரண்டு நாட்களே இருந்த நிலையில் தற்செயலாக ஒரு பழைய குறுஞ்செய்தி கண்ணில் பட்டதால் கட்டிவிட்டேன். அது படாமல் போயிருந்தால் பல ஆண்டுகள் தொடர்ந்து கட்டிவந்த பாலிசி காலாவதியாகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

வங்கியில் கேட்டாலும் காப்பீட்டு நிறுவனத்தில் கேட்டாலும், கட்டணம் தானாகவே கணக்கிலிருந்து போய்விடும் ஆட்டோ டெபிட்டுக்குக் கையெழுத்திடுங்கள், கவலையே இல்லை என்கிறார்கள். ஆனால் என் கணவர், நம் பெட்டியின் சாவியை அடுத்தவர் கையில் கொடுப்பதற்குச் சமம் அது என்று கூறி மறுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இம்முறையால் உண்மையில் கிடைக்கும் பயன் என்ன, எந்தெந்தக் கட்டணங்களை இப்படி விடலாம், தவறான தொகையை எடுத்துவிட்டால் திரும்பப் பெற வழி உண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1

அம்மா, வணக்கம். வங்கியின் பணப் பரிமாற்றப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தங்கள் கணவரின் உவமை பாதி சரி. அந்தப் பாதி எது என்பது விளங்கிவிட்டால் முடிவெடுப்பது எளிதாகிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆட்டோ டெபிட் என்ற ஒரே பெயரில் மக்கள் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளைக் குறிப்பிடுகிறார்கள். முதலாவது, நீங்களே உங்கள் வங்கிக்கு இடும் நிலையான உத்தரவு. ஒவ்வொரு மாதமும் இந்தத் தேதியில், இந்தத் தொகையை, இன்ன கணக்குக்கு அனுப்பு என்று சொல்கிறீர்கள். அனுப்புவது நீங்கள், தொகையை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்களால் மட்டுமே முடியும். இரண்டாவது, நேரடிப் பற்று. இதில் பணம் பெறும் நிறுவனம் உங்கள் வங்கியிடம் கேட்டு எடுத்துக்கொள்கிறது. எடுக்கலாம் என்று முன்கூட்டியே நீங்கள் எழுதிக் கொடுக்கும் அனுமதிக்குத்தான் மேண்டேட் என்று பெயர். மூன்றாவது, உங்கள் கார்டு எண்ணை நிறுவனம் சேமித்து வைத்துக்கொண்டு மாதாமாதம் அதன் வழியே வசூலிப்பது. இணையச் சந்தாக்களில் பெரும்பாலானவை இந்த வகை.

சாவியைக் கொடுப்பது என்ற உவமை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்தான் பொருந்தும். அவற்றிலும் கொடுக்கப்படுவது முழுப் பெட்டியின் சாவி அன்று. எவ்வளவு வரை எடுக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம், எந்தத் தேதி வரை அனுமதி செல்லும் என்பவற்றை மேண்டேட்டில் குறிப்பிட இடம் இருக்கும் நாடுகளில் அந்த மூன்று கட்டங்களே உங்கள் பூட்டு. நான் பணியில் இருந்தபோது கண்ட வேதனையான காட்சி என்னவென்றால், அந்தப் படிவத்தைப் படித்துக் கையெழுத்திட்டவர்கள் மிகக் குறைவு என்பதுதான். முகவர் பென்சிலால் பெருக்கல் குறி இட்ட இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். தவணைத் தொகையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூட உச்ச வரம்பாக நிரப்பப்பட்டிருப்பதை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். அபராதத்தையும் சேர்த்து ஒரே முறையில் எடுத்துக்கொள்ள வசதியாக அப்படி நிரப்புவார்கள். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கத் தங்களுக்கு உரிமை உண்டு.

இம்முறை புதிதாக முளைத்ததும் அன்று. பிரிட்டனில் 1964-ஆம் ஆண்டிலேயே இது தொடங்கிவிட்டது. யூனிலீவர் நிறுவனம் தன் விற்பனையாளர்களிடமிருந்து வர வேண்டிய தொகையை ஒவ்வொருவரிடமும் சென்று வசூலிப்பதற்குப் பதிலாக, அவர்களின் வங்கிகளிடமிருந்து நேரடியாகப் பெறுவதற்கு வழி தேடியதில் பிறந்தது அது. ஆகவே இது அடிப்படையில் வசூலிப்பவரின் வசதிக்காக உருவான ஏற்பாடு. இதை நாம் மறக்கக் கூடாது. வசூலிப்பவருக்குப் பணம் உறுதியாக, குறித்த நாளில், ஆள் செலவின்றி வந்து சேர்கிறது. அதனால்தான் சில நிறுவனங்கள் இம்முறைக்கு மாறுபவர்களுக்குக் கட்டணத்தில் சிறு தள்ளுபடியும் தருகின்றன.

செலுத்துபவருக்கான பாதுகாப்பு பின்னர்ச் சட்டத்தாலும் விதிகளாலும் சேர்க்கப்பட்டது. அது நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகிறது. பிரிட்டனில் நேரடிப் பற்று உத்தரவாதம் என ஒன்று உண்டு. அதன்படி தொகையோ தேதியோ மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், வழக்கமாகப் பத்து வேலை நாட்கள். தவறாக எடுக்கப்பட்டிருந்தால் வங்கியே உடனடியாக முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். செபா எனப்படும் ஐரோப்பாவின் பொதுவான யூரோ பணப் பரிமாற்ற முறையில், தனிநபர்களுக்கான பற்றாக இருந்தால், எட்டு வாரங்களுக்குள் காரணம் எதுவும் கூறாமலேயே தொகையைத் திரும்பக் கோரலாம். அனுமதியே இல்லாமல் எடுத்திருந்தால் 13 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. அமெரிக்காவில், அடுத்த பற்றை நிறுத்த விரும்பினால் குறித்த நாளுக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பாவது வங்கியிடம் தெரிவிக்க வேண்டும். கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் பிழையை எழுப்ப வேண்டும். இந்தியாவில் கார்டு வழித் தொடர் பற்றுகளுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். கூடுதல் உறுதிப்படுத்தல் இன்றி எடுக்கக்கூடிய வரம்பு 2022-இல் ரூ.15,000 ஆனது. காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் அது ரூ.1 லட்சமாக உயர்த்தப்பட்டது.

இவற்றை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம், தாங்கள் மூன்றாவதாகக் கேட்ட கேள்விக்குரிய விடை முழுக்க முழுக்க இந்தக் கால வரம்புகளில் அடங்கியிருப்பதுதான். தவறான தொகையைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் அந்த வழி குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் திறந்திருக்கும். ஆறு மாதங்கள் கழித்துக் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்ப்பவருக்குப் பல இடங்களில் அது மூடியிருக்கும்.

தாங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், காப்பீட்டு பிரீமியங்களையும் வீட்டுக் கடன் தவணையையும் தயங்காமல் விடலாம் என்பது என் கருத்து. தொகை பெரும்பாலும் மாறாது, தேதி தெரியும், ஒருமுறை தவறினால் ஏற்படும் இழப்போ மிகப் பெரிது. தாங்கள் மருத்துவமனையில் பட்ட பாட்டுக்கு நேரான மருந்து இதுவே.

பதில் 2

முந்தைய பதிலை எழுதிய ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு அவர் கூறுவது முற்றிலும் பொருந்தும். நான் சொந்தமாக மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவள். என்னைப் போல் எப்போது பணம் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எனக்கு நேர்ந்ததைப் பதிவு செய்கிறேன்.

கடன் தவணை, கைப்பேசிக் கட்டணம், ஒரு சிறு காப்பீடு ஆகிய மூன்றையும் மாதத்தின் ஐந்தாம் தேதிக்கு ஆட்டோ டெபிட்டில் வைத்திருந்தேன். ஒரு மாதம் மூன்றாம் தேதி வர வேண்டிய பணம் ஆறாம் தேதிதான் வந்தது. ஐந்தாம் தேதி விடியற்காலையில் தவணைக்கான கோரிக்கை முதலில் வந்திருக்கிறது. அதற்குப் போதிய இருப்பு இல்லை, திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதற்காக வங்கி ஒரு கட்டணத்தைப் பிடித்தது. கணக்கில் இருந்த மீதிப் பணம் கைப்பேசிக்கும் காப்பீட்டுக்கும் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் வங்கி பிடித்த அந்தக் கட்டணத்தால் இருப்பு மேலும் குறைந்து, காப்பீட்டுப் பற்றும் திரும்பியது. அதற்கு இன்னொரு கட்டணம். கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்குத் தாமதக் கட்டணம் விதித்ததோடு, எனக்குத் தெரிவிக்காமல் அன்று மாலையே மறுபடியும் எடுக்க முயன்றிருக்கிறது. அதுவும் திரும்பியது. காலையில் எழுந்து கைப்பேசியைப் பார்த்தபோது வரிசையாக நின்ற குறுஞ்செய்திகளில் எது எதற்கானது என்று பிரித்தறியவே அரை மணி நேரம் பிடித்தது. ஒரே ஒரு நாள் தாமதத்துக்கு நான் செலுத்தியது நான்கு கட்டணங்கள்.

கையால் கட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கைப்பேசிக்கும் காப்பீட்டுக்கும் அன்றே கட்டிவிட்டு, கடன் நிறுவனத்தை அழைத்து ஒரு நாள் அவகாசம் கேட்டிருப்பேன். எதை முதலில் கட்டுவது, எதைத் தள்ளிப் போடுவது என்று முடிவு செய்யும் உரிமைதான் கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு உள்ள ஒரே பலம். அதை எடுத்துவிடுவதே இம்முறையின் பெரிய குறை என்று நான் கருதுகிறேன். வசதி உள்ளவர்களுக்கு இது கண்ணில் படாது.

இப்போது பில்களுக்கென்றே தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பணம் வரும்போதெல்லாம் அடுத்த மாதத்துக்கு வேண்டியதை முதலில் அதில் போட்டுவிட்டு, எஞ்சியதைத்தான் செலவுக்கான கணக்கில் வைக்கிறேன். ஒரு மாதத் தேவை எப்போதும் முன்னதாகவே அங்கே இருக்கும்படி சேர்ப்பதற்கு எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அது சேர்ந்த பிறகுதான் ஆட்டோ டெபிட்டைத் திரும்ப இயக்கினேன். அந்தக் கணக்கின் கார்டை நான் வெளியே எடுப்பதே இல்லை.

பதில் 1-ஐ எழுதியவர்

அம்மணி எழுதியதை முழு மனத்துடன் ஏற்கிறேன். கட்டணம் கட்டணத்தைப் பெற்றெடுக்கும் இந்தச் சங்கிலியை நான் வங்கியின் பக்கத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன், வாடிக்கையாளர் சார்பில் மேலதிகாரியிடம் வாதாடியும் இருக்கிறேன். இரண்டு செய்திகளை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இந்தியாவில் 2021 ஆகஸ்ட் 1 முதல் மேண்டேட்டின்படி பல கணக்குகளிலிருந்து ஒருசேரப் பணம் எடுக்கும் நாச் என்ற முறை ஞாயிறு, விடுமுறை உட்பட எல்லா நாளும் இயங்குகிறது. முன்பெல்லாம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கள் வரை மூச்சு விட நேரம் கிடைத்தது. இப்போது அந்த நம்பிக்கையில் இருக்கக் கூடாது. அடுத்து, அங்கே பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 2007-இன் 25-ஆம் பிரிவின்படி, கடனைத் தீர்ப்பதற்கான மின்னணுப் பற்று போதிய இருப்பின்றித் திரும்பி, முறைப்படி அனுப்பிய அறிவிப்பு கிடைத்த பின்னும் 15 நாட்களுக்குள் பணம் செலுத்தப்படாவிட்டால், காசோலை திரும்பியதைப் போலவே குற்ற வழக்குத் தொடர முடியும். கையெழுத்திட்ட காசோலைக்குப் பயப்படுபவர்கள் மேண்டேட்டை வெறும் படிவமாக நினைத்துவிடுகிறார்கள்.

பற்றுத் தேதியை மாற்றித் தரும்படி கேட்டால் பல நிறுவனங்கள் மறுப்பதில்லை. வருமானம் வரும் நாளுக்கும் பற்று நாளுக்கும் இடையே நான்கைந்து நாட்கள் இருக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. கேட்காதவர்களுக்கு நிறுவனம் தன் வசதிப்படியான தேதியையே வைத்துவிடுகிறது.

பதில் 3

நான் சற்று மாறுபட்ட கருத்தை முன்வைக்கிறேன். தொகை மாறாத கட்டணங்களைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. மாதந்தோறும் மாறும் கட்டணங்களை, அதாவது மின்சாரம், எரிவாயு, தண்ணீர் போன்றவற்றை ஆட்டோ டெபிட்டில் விடவே கூடாது என்பது நான் அனுபவத்தில் கண்டது.

மீட்டரைப் பார்க்க ஆள் வராத மாதங்களில் உத்தேசமாக ஓர் அளவை வைத்துப் பில் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எங்கள் வீட்டில் தொடர்ந்து இரண்டு முறை அவ்வாறு நடந்தது. நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டில் இருந்த மாதமும் அதில் ஒன்று. ஒரு விளக்குகூட எரியாத வீட்டுக்கு, எல்லோரும் இருந்த மாதத்தின் அளவில் பில் வந்து, பணமும் கணக்கிலிருந்து போய்விட்டது. நான் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பி முறையிட்ட பின் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பணத்தைத் திருப்பித் தரவில்லை, வரும் பில்களில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். அது கழிந்து முடிய ஐந்து மாதங்கள் ஆயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பில்லைப் பார்த்துவிட்டுக் கையால் கட்டுபவர், தொகை தவறாக இருந்தால் கட்டாமல் கேள்வி கேட்கிறார். அப்போது பணம் அவரிடம் இருக்கிறது, விடை சொல்ல வேண்டிய அவசரம் நிறுவனத்துக்கு. ஆட்டோ டெபிட்டில் பணம் முதலில் போய்விடுகிறது, கேள்வி பிறகுதான் எழுகிறது. அப்போது பணம் அவர்களிடம் இருக்கிறது, அவசரம் நமக்கு. சட்டம் எவ்வளவு பாதுகாப்புத் தந்தாலும், தொலைபேசியில் காத்திருப்பவர் யார் என்பதை இந்த வரிசைதான் தீர்மானிக்கிறது.

மேலும், கையால் கட்டும்போது ஒவ்வொரு மாதமும் அந்த எண்ணைக் கண்ணால் பார்க்கிறோம். இணையக் கட்டணம் சிறிது ஏறியிருந்தால் உடனே தெரியும். தானாகப் போகும் பணத்தில் அது தெரிவதில்லை. அறிமுகச் சலுகை முடிந்து முழுக் கட்டணத்துக்கு மாறியதைப் பத்து மாதங்கள் கழித்துக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். நிறுத்த மறந்த சந்தாக்களின் கதை இன்னும் பெரிது. கார்டு காலாவதியானால் தானாக நின்றுவிடும் என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். புதுக் கார்டின் விவரங்களை வணிகர்களுக்குத் தானாகவே புதுப்பித்துத் தரும் சேவையைக் கார்டு நிறுவனங்கள் நடத்துகின்றன என்பதால் பல நாடுகளில் அந்த நம்பிக்கையும் வீண்.

பதில் 4

நண்பர்களே, இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தந்தையார் எல்லாக் கட்டணங்களையும் தம் கணக்கிலிருந்தே தானாகப் போகும்படி மிக ஒழுங்காக அமைத்து வைத்திருந்தார். அவர் காலமானதை வங்கிக்குத் தெரிவித்தவுடன், முறைப்படி கணக்கை முடக்கினார்கள். அத்துடன் அதிலிருந்து சென்றுகொண்டிருந்த எல்லாமும் நின்றன. அவற்றில் அம்மா வசிக்கும் வீட்டின் காப்பீடும் ஒன்று என்பது எங்களுக்கு இரண்டு மாதங்கள் கழித்து வந்த கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கையால் கட்டும் வீட்டில் பில் மேசை மேல் கிடக்கும், யாராவது ஒருவர் கண்ணில் படும். தானாக நடக்கும் வீட்டில், அது எப்படி நடந்தது என்பது நடத்தியவருடனேயே போய்விடுகிறது.

ஆகவே, எந்தக் கணக்கிலிருந்து, எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேதியில் போகிறது என்ற பட்டியலை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். நான் அதை ரேஷன் கார்டு, பத்திரம் வைத்திருக்கும் உறையிலேயே வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. என் கணவரையும் பக்கத்தில் அமர்த்தி எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பில் முதலா, பணம் முதலா என்று மூன்றாம் பதிலில் எழுதியிருந்ததுதான் தாம் சொல்ல நினைத்தது என்றார். காப்பீடுகளையும் வீட்டுக் கடனையும் விடுவதற்கு அவருக்கும் இப்போது சம்மதம்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கிரெடிட் கார்டுக்கான படிவத்தில் முழு நிலுவை, குறைந்தபட்ச நிலுவை என இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. குறைந்தபட்சத்தைத் தேர்ந்தெடுத்தால் கணக்கில் பணம் குறையும் ஆபத்து இல்லை என்று வங்கியில் கூறினார்கள். அது சரிதானா? இன்னொன்று, பின்னாளில் வேண்டாம் என்று தோன்றினால் வங்கியில் மேண்டேட்டை ரத்து செய்தால் போதுமா, நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டுமா?

பதில் 1-ஐ எழுதியவர்

அம்மா, முதல் ஐயத்துக்கு: தங்களிடம் சொல்லப்பட்டது பொய் அன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. குறைந்தபட்ச நிலுவை என்பது பெரும்பாலும் மொத்த பில்லில் மிகச் சிறிய பங்குதான். அது போய்விட்டால் தாமதக் கட்டணம் வராது, கடன் வரலாற்றிலும் தவறியதாகப் பதியாது. ஆனால் எஞ்சிய தொகைக்கு வட்டி ஓடத் தொடங்கும். அதைவிடப் பெரிய இழப்பு, முழுமையாகக் கட்டாதவர்களுக்குப் பொதுவாக வட்டியில்லாக் காலச் சலுகையே போய்விடும் என்பது. அதாவது அடுத்து வாங்கும் பொருளுக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறோம், எல்லாம் கட்டப்படுகிறது என்ற நிம்மதியில் ஓராண்டு முழுவதும் குறைந்தபட்சத்தையே கட்டிவந்து, கடன் குறையாமல் அப்படியே நிற்பதைக் கண்டு திகைத்து நின்ற ஒரு பெரியவரை எங்கள் கிளையில் பார்த்தேன். அவர் தவறியது ஒரே ஒரு கட்டத்தில் இட்ட குறியில்தான். அவர் கையிலிருந்த பாஸ்புக்கில் மாதாமாதம் பற்றுப் பதிவு சரியாக இருந்தது, அதனால் அவருக்கு ஐயமே எழவில்லை.

முழு நிலுவையைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவதொரு மாதம் முழுத் தொகை கணக்கில் இருக்காது என்று அஞ்சினால், குறைந்தபட்சத்தைக் காப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, பில் வந்த அன்றே முழுத் தொகையையும் கையால் கட்டிவிடுங்கள். அப்படிச் செய்பவர்கள் ஒன்றைத் தங்கள் வங்கியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கையால் கட்டியது பதிவாகிவிட்டால் ஆட்டோ டெபிட் அந்த மாதம் தானாக விட்டுவிடுமா, அல்லது கடைசித் தேதியன்று மறுபடியும் எடுக்குமா என்பது வங்கிக்கு வங்கி மாறும். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் கட்டினால் இரண்டு முறையும் போய்விட வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் ஐயத்துக்கு: இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும். மேண்டேட்டை ரத்து செய்வது பணம் போகும் வழியை மட்டுமே அடைக்கும். நிறுவனத்துடன் தாங்கள் செய்த ஒப்பந்தம் அப்படியே உயிருடன் இருக்கும். வங்கியில் நிறுத்திவிட்டோம், சந்தா முடிந்தது என்று எண்ணி இருந்தவர்களுக்கு நிலுவைக் கடிதமும், பின்னர் வசூல் முகவரின் தொலைபேசி அழைப்பும் வந்திருக்கின்றன. பணத்தைத் திரும்பக் கோருவதும் அதே போன்றதுதான். ஐரோப்பிய விதிப்படி எட்டு வாரத்துக்குள் பணம் திரும்ப வந்துவிட்டாலும், உண்மையிலேயே தர வேண்டிய தொகையாக இருந்தால் கடன் தீர்ந்ததாகாது. மறுபுறம், நிறுவனத்திடம் மட்டும் சொல்லி வங்கியில் சொல்லாமல் விட்டால், அவர்கள் அலுவலகத்தில் ஒருவர் மறந்தாலும் அடுத்த மாதம் பணம் போய்விடும். நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து அதன் நகலை வைத்துக்கொண்டு, பற்று நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே வங்கியிலும் ரத்து செய்யுங்கள். யுபிஐ ஆட்டோபே வழியாக அமைத்தவர்கள் அந்தச் செயலியிலேயே தற்காலிகமாக நிறுத்தவும் முழுமையாக நீக்கவும் முடியும் என்பதால் அவர்களுக்கு இந்த வேலை எளிது.

வீட்டுக் கடன் மேண்டேட்டில் முடிவுத் தேதி என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். கடைசித் தவணைக்குரிய மாதத்தை எழுதுங்கள். முன்கூட்டியே அடைத்துவிட்டால், நிலுவையில்லாச் சான்று வாங்கும் அன்றே மேண்டேட்டையும் ரத்து செய்யும்படி எழுதிக் கொடுங்கள். கடன் முடிந்த பிறகும் ஒரு தவணை எடுக்கப்பட்டு, அதைத் திரும்பப் பெற அலைந்தவர்களை நான் அறிவேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. இரண்டு காப்பீடு, வீட்டுக் கடன், இணையம் ஆகிய நான்கை ஆட்டோ டெபிட்டில் விடுவதென்றும், கிரெடிட் கார்டுக்கு முழு நிலுவை என்றும், மீட்டர் வைத்து வரும் மூன்றையும் கைப்பேசிகளையும் வழக்கம்போல் நானே கட்டுவதென்றும் இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். பில்களுக்கெனத் தனிக் கணக்கு தொடங்க நாளை வங்கிக்குச் செல்கிறோம். மேண்டேட் படிவத்தில் உச்ச வரம்பு என்னவென்று பார்க்காமல் என் கணவர் கையெழுத்திட மாட்டார்.

பதில் 2-ஐ எழுதியவர்

நல்ல முடிவு, சகோதரி. ஆட்டோ டெபிட்டுக்கு மாறும் மாதத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. படிவம் கொடுத்த அன்றே மேண்டேட் நடைமுறைக்கு வந்துவிடாது. வங்கி ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வருவதற்குள் ஒரு கடைசித் தேதி கடந்துவிடலாம். கொடுத்துவிட்டோமே என்று கட்டாமல் இருந்து அந்த ஒரு மாதத்தில் தவறியவர்களும் உண்டு, நம்பிக்கையின்றிக் கையாலும் கட்டி இரு முறை செலுத்தியவர்களும் உண்டு. முதல் பற்று எந்த மாதத்திலிருந்து என்று நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் காலண்டர் வட்டங்களை அழிக்க வேண்டாம்.